அப்பாவுக்கு நான் போட்ட மூன்று விரல்கள்

ஓவியத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு, நான்காம் வகுப்பில் கொடுத்த சோப்பு டப்பா. அந்தத் திமிரில்தான் அப்பாவின் விவகாரத்தில் தலையிட்டேன்.

காக்களூர் கம்பெனியில் பிரஸ் மெஷின் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டுப் பிரிப்பதற்குள் கம்பெனி வேலையையும் எடுத்துக்கொண்டது. லேபர் ஆபீசர் விசாரிக்க வரும் நாளில் கேட் முழுக்க நோட்டீஸ் ஒட்டுவதென்று ஏற்பாடு.

அங்கே மரப்பெட்டி அடிக்கும் என் மாமாதான் பெட்டிகளுக்கான முத்திரை அச்சும் செதுக்குவார். உடைந்த பெட்டிப் பலகை ஒன்றை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பாவின் கையைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, அதைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, உளியால் கொத்தினார். மை தடவி, தாள் போர்த்தி, கரண்டியின் முதுகால் தேய்த்து உரித்தால் கறுப்பாக ஒரு கை. புறங்கை முழுக்க மரத்தின் வரிகள். நடுவில் ஆணி பிடுங்கிய ஓட்டை. விரல்கள் போன இடத்தில் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்த வெள்ளை. கீழே 'வேலை கொடு'.

"இன்னா மாமா, கை மாதிரியே இல்ல. இழைச்சு நைஸா பண்ணிருக்கலாம்ல?"

"மெஷின் உங்கப்பா கைய இழைச்சா எடுத்துச்சு? பிச்சிகினுதான போச்சு. பலகையும் அப்டித்தான் இருக்கும். நீ கம்முனு இரு பாப்பா."

நான் கம்மென்று இருக்கவில்லை. ஆபீசர் வரும் நாள் காலை அப்பாவும் மாமாவும் வாசலில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அச்சடித்து வைத்திருந்த நாற்பது தாள்களிலும் ஸ்கெட்ச் பேனாவால் மூன்று மூன்று விரல் போட்டேன். நகம் வைத்தேன். மோதிரம்கூட வைத்தேன். அப்பா அசந்துபோகட்டும் என்று அப்படியே சுருட்டியும் வைத்தேன்.

கேட்டில் சுருளைப் பிரித்தபோது ஆபீசரின் ஜீப் வந்து நின்றுவிட்டது. மேனேஜர் ஒரு தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பாருங்க சார், அஞ்சு விரலும் அவங்களே போட்டுக் கொண்டாந்திருக்காங்க."

மாமா என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

"உடு மச்சான், கொழந்த" என்றார் அப்பா. தாளை வாங்கி ஜீப்பின் முகப்பில் விரித்தார். எப்போதும் கைக்குட்டைக்குள் ஒளித்துவைக்கும் கையை எடுத்து, அச்சின்மேல் பொருத்தி வைத்தார். கை சரியாக மூடிக்கொண்டது. நான் போட்ட விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மேனேஜர் வேறு பக்கம் திரும்பினார். ஆபீசர் பேனா மூடியைத் திறக்கவே இல்லை. அப்பாவுக்கு அந்த வேலை கடைசிவரை திரும்பக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த நிமிடம் மற்ற எல்லோரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோதிரம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.