தோமிதிலா சொல்லாத கூலி

தோமிதிலா படகோட்டி எலிசியோவின் மூன்றாவது மகள். மூத்தாள் வயிற்றுப் பெண்கள் இருவர். இவள் இளையாளின் தலைச்சன். இவளுடைய சின்னம்மா மகன்தான் குவாயாகில் துறைமுகக் கழிமுகத்துச் சேற்றில் முதன்முதலாக மூங்கில் நட்டு வீடு கட்டியவன். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வந்து கால் ஊன்றினார்கள். வீட்டுக்கு வீடு பலகை போட்டு நடந்தார்கள், அதுவே தெருவானது. தோமிதிலாவின் புருஷன் வாழைக்குலை ஏற்றும் கப்பலில் போனவன், திரும்பவில்லை. செத்தானா, வேறு துறையில் வேறொருத்தியோடு குடித்தனம் செய்கிறானா, யாருக்கும் தெரியாது.

பிள்ளை பார்க்கும் வேலையை அவள் தேடிப் போகவில்லை. தங்கை ஹசிந்தா இறால் உரிக்கும் ஆலையில் சேர்ந்தாள். இடுப்பில் பிள்ளையோடு போனால் அங்கே வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பிள்ளை அக்காள் வீட்டுக்கு வந்தது. பிறகு ஹசிந்தாவின் நாத்தனார் பிள்ளைகள் வந்தன, அந்த நாத்தனாரின் ஓரகத்தி பிள்ளை வந்தது. விடிந்தால் வீடு நிறையப் பிள்ளைகள். வாழைக்காயும் மீன்தலையும் போட்டு ஒரு பெரிய பானைச் சாறு கொதிக்கும்.

இன்ன கூலி என்று அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. பாதிப் பிள்ளைகளைக் கோயிலில் ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்தியவளே அவள்தான்.

"ஞானத்தாய் புள்ளைக்குக் கஞ்சி ஊத்திட்டுக் காசு கேப்பாளா? நான் என்ன சத்திரமா நடத்துறேன்?" என்பாள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பெண்கள் வருவார்கள். மாதா படத்துக்கு முன்னால் விரித்த துணிக்கடியில் எதையாவது வைப்பார்கள். காசில்லாதவள் மீன் கொண்டுவருவாள். மீனும் இல்லாதவள் தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு குடம் சுமந்து ஊற்றிவிட்டுப் போவாள். தோமிதிலா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவர்கள் போன பிறகு துணியைத் தூக்கிப் பார்ப்பாள். யார் என்ன வைத்தார்கள் என்பது அவள் மனதில் அப்படியே நிற்கும். குறைத்து வைத்தவளின் பிள்ளைக் கிண்ணத்தில் மறுநாள் மீன் கண்ணில் படும்படியே குறைந்திருக்கும். "பரவால்ல கண்ணு, நமக்குள்ள என்ன" என்று தாயிடம் சொல்லி அனுப்புவாள். அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து அவள் வீட்டுத் தரையைத் தேய்ப்பாள். தெருவில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் போனது இப்படித்தான்.

பக்கத்து வீட்டு மீன்காரி கிளெமென்சியாவுக்கு மட்டும் வாய் நீளம். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க்கா, இம்புட்டுன்னு ஒரு தொகைய சொல்லிப்புட்டா என்ன? குடுக்கிறவளுக்கு வயித்துல புளி கரைக்காது பாரு."

"போடி இவளே. தொகைய சொன்னா அவ குடுத்துட்டுக் கைய வீசிட்டுப் போயிடுவா. சொல்லாம விட்டா என்னைக்கும் நம்மளவ" என்று தோமிதிலா சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பொய் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை தொடங்கின கையோடு மலைப்பக்கத்திலிருந்து அசுந்தா வந்தாள். புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்தவன். பலகைத் தெருவின் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். முதுகில் சால்வையில் கட்டிய மூன்று வயதுப் பெண் பெத்ரோனா. ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. பிள்ளையை விட இடம் வேண்டும். தலையில் மலைப் பெண்கள் போடும் தொப்பியோடு, படியேறாமல் பலகையிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மா, புள்ளைய பாத்துக்கறதுக்கு எவ்வளவுங்க?"

"முதல்ல புள்ளைய உள்ள விடு தாயி. மழையில நிக்குது பாரு."

"எவ்வளவுன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"நமக்குள்ள என்ன கணக்கு? பாத்துக்கலாம்."

"இல்லீங்கம்மா. சொல்லிடுங்க."

பிள்ளைகளை விட வந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மலைக்காரி உருளைக்கிழங்கு பேரம் பேசுறாடி!" என்றாள் ஒருத்தி. "புள்ளைய எடை போட்டுச் சொல்லுங்கக்கா" என்றாள் இன்னொருத்தி. தோமிதிலாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது அசுந்தா பலகையில் பாதி தூரம் போயிருந்தாள். முதுகிலிருந்த பெண் மட்டும் திரும்பிப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு போனது.

தோமிதிலாவுக்குச் சுருக்கென்றது. தன் வாசலுக்கு வந்து ஒருத்தி பிள்ளையைத் திருப்பிக்கொண்டு போவதாவது!

மறுநாள் காலை அசுந்தா ஆலைக்குப் போனாள். முதுகில் பிள்ளை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யாரிடம் விட்டிருப்பாள்? அந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்? தோமிதிலா வாசலில் நின்று பார்த்தாள். கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கடைசி வீட்டுல புள்ள அழுற சத்தம் கேக்குதுக்கா. பூட்டிட்டுப் போறா போல" என்றாள் கிளெமென்சியா.

"அவளுக்கு நம்ம வீடு ஆகலையாம்ல. கேட்டு வரட்டும், வரவச்சுத்தான் எடுப்பேன்."

அவள் வரவில்லை. பௌர்ணமிக் கடல் ஏற்றத்தன்று மழையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் மூங்கில் கால்களில் ஏறிப் பலகையைத் தொட்டது. பிள்ளையைச் சால்வையால் தூணில் கட்டிவிட்டுத்தான் அசுந்தா போயிருந்தாள். முடிச்சு எப்படியோ அவிழ்ந்திருக்கிறது. கழிவு கொட்டத் தரையில் விட்டிருந்த திறப்பின் மூடியும் விலகிக் கிடந்தது. மத்தியானம் வலை இழுக்கப் போனவர்கள் வீட்டுக்கு அடியில் இரண்டு மூங்கில் கால்களுக்கு நடுவே பிள்ளையைக் கண்டார்கள்.

செய்தி வந்தபோது தோமிதிலா பிள்ளைகளுக்குச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தாள். அகப்பை கையிலேயே நின்றது. பிறகு மிச்சக் கிண்ணங்களிலும் ஊற்றினாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தப் பக்கத்தில் பிள்ளை செத்தால் வெள்ளைப் பெட்டியும் வெள்ளைச் சட்டையும் ஞானத்தாய் எடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? தோமிதிலா வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு தச்சனிடம் போனாள். பெட்டியை ஒரு பக்கம் தானே தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அசுந்தா அழவில்லை. பிள்ளையின் ஈரத் தலையைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"எவ்வளவுங்கம்மா?"

"என்ன தாயி பேசுற? இந்த நேரத்துல போய்... அதெல்லாம் ஒண்ணுமில்ல, நமக்குள்ள..."

"சொல்லாம விட்டுடாதீங்க."

சீப்பை வைத்துவிட்டு அவள் மெதுவாகப் பேசினாள். அவளுடைய அப்பாவின் கல்யாணத்துக்குப் பண்ணை முதலாளி ஓர் ஆடும் இரண்டு மூட்டை வாற்கோதுமையும் கொடுத்திருக்கிறார். விலை என்ன என்று அப்பா கேட்டதற்கு, "நமக்குள்ள என்னடா, பாத்துக்கலாம்" என்றாராம். அப்பா சாகிறவரை அந்த ஆட்டுக்கு உழைத்தார். பிறகு அண்ணன் உழைத்தான். அது தீர்ந்தது என்று யாரும் சொல்லவேயில்லை.

"நீங்க அன்னைக்கு ஒரு தொகைய சொல்லியிருந்தா, எவ்வளவா இருந்தாலும் குடுத்திருப்பேம்மா. முடியலேன்னா ஊருக்காவது திரும்பியிருப்பேன். சொல்லலியே. எம் புள்ளைய எழுதி வாங்கிக்குவீங்களோன்னு பயந்துட்டேன்."

கூட்டத்தில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை. "அப்படியெல்லாம் இல்லை தாயி" என்று சொல்லத் தோமிதிலா வாயைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை தரை தேய்ப்பவர்கள் எல்லாரும் எதிரே நின்றார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவும்மா?"

"ஆயிரத்து எரநூறு சூக்ரே" என்றாள் தோமிதிலா. வாழ்நாளில் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் விலை அதுதான்.

"சட்டைக்கு?"

"நூத்தம்பது."

"வாரா வாரம் தர்றேன்" என்று சொல்லிவிட்டு அசுந்தா மறுபடி சீப்பை எடுத்தாள்.

அந்த வாரமே தோமிதிலா கதவில் கரியால் எழுதச் செய்தாள்: பிள்ளைக்கு வாரம் இருநூறு, சாப்பாடு சேர்த்து. எழுதத் தெரிந்த கிளெமென்சியாதான் எழுதினாள். தெரு கொதித்தது. "ஞானத்தாய் கடை திறந்துட்டா" என்றார்கள். காசுக்கு வழியில்லாமல் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இந்த எழுத்து பெரிய அடி. இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆலை வேலையையே விட்டார்கள். கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனார்கள். தரை தேய்க்க யாரும் வரவில்லை. சொந்தத் தங்கை ஹசிந்தா முகத்துக்கு நேரே கேட்டாள்: "எம் மவனுக்குமா இருநூறு?" தோமிதிலா "ஆமா" என்றாள். ஹசிந்தா கொடுத்தாள், அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அக்காளைக் கூப்பிடவில்லை. மழை கரியைக் கரைக்கும்போதெல்லாம் தோமிதிலா அதே கோட்டின்மேல் மறுபடி கரியைத் தேய்த்தாள்.

சனிக்கிழமைதோறும் அசுந்தா வந்தாள். துணிக்கடியில் வைக்கமாட்டாள். கையில்தான் கொடுப்பாள், மிச்சம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போவாள். "இருக்கட்டும் தாயி, போதும்" என்று சொல்ல எத்தனையோ தடவை தோமிதிலாவின் நாக்கு துடித்தது. சொல்லத் துணியவில்லை.

கடைசித் தவணை கொடுத்த அன்று அசுந்தா மூட்டையோடு வந்திருந்தாள். மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்கள் பலகையில் நின்றிருந்தார்கள்.

"தீர்ந்துச்சுங்களா?"

"தீர்ந்துச்சு."

"அவங்க காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்கம்மா."

தோமிதிலா வாசலுக்கு வந்தாள். தெருக்கடைசி வரை கேட்கும்படி கத்தினாள்.

"அசுந்தா எனக்கு ஒண்ணும் தரவேண்டியதில்ல. எல்லாம் தீர்ந்து போச்சு!"

அசுந்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மூட்டையைச் சால்வையில் வைத்து முதுகில் கட்டினாள். பிள்ளையைக் கட்டுகிற அதே முடிச்சு. யாரும் வழிமறிக்கவில்லை. பலகை ஒவ்வொன்றாக அதிர்ந்து அடங்குகிறவரை தோமிதிலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை முழுக்கக் கரி ஒட்டியிருந்தது.