நேசம் மைனிக்கு வந்தது சயம் அல்ல

செய்தி சொல்ல வந்தவர் எங்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "பாறசாலையிலே நேசம் போயாச்சு" என்று கூப்பிட்டுச் சொன்னார். வெயில் ஏறிய நேரம். குடிக்க வெள்ளம் கொண்டுபோனேன். வேண்டாம் என்று நடந்துவிட்டார். சயரோகக்காரியின் சொந்தக்காரி கையால் குடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். மைனியைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும் என்று பாறசாலைக் கோவில் மாதர் சங்கத்தார் கேட்டபோது, அந்தக் கோபத்தோடுதான் எழுதுவேன் என்று சொல்லியே சம்மதித்தேன்.

நேசம் மைனி என் மூத்த அண்ணனின் மனைவி. கல்யாணம் முடிந்ததும் இருவரும் கொழும்புக்குப் போனார்கள். துறைமுகத்தில் கப்பல் பாய்லருக்கு மேலே கல்நாரைக் குழைத்துப் பூசுகிற வேலை அண்ணனுக்கு. கல்லிலிருந்து எடுக்கிற நார் அது, தீயில் வேகாது. சாயங்காலம் மாவில் புரண்டவனைப் போல வெளுத்து வருவானாம். அந்த உடுப்பைத் தினமும் உதறித் தட்டித் துவைத்தது மைனி. "உங்க அண்ணனைக் கெட்டினேனா, அந்தத் தூசியைக் கெட்டினேனான்னு தெரியாது மக்கா" என்று சிரிப்பாள். பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினார்கள். அண்ணன் விஷக்காய்ச்சலில் போனான். மைனிக்கு அப்போது ஒரு சுகக்கேடும் இல்லை. தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பாள்.

தலை நரைத்த பிறகுதான் தொடங்கியது. முதலில் வலது விலாவில் ஒரு குத்து, அது தோளுக்கு ஏறும். பிறகு மேட்டில் ஏறினால் மூச்சு முட்டும். கடைசியில் உட்கார்ந்திருக்கும்போதே முட்டியது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. ஒருநாளும் ரத்தம் துப்பியதில்லை. ஆனாலும் மெலிந்தாள். மெலிந்தவர்களுக்கு ஊரில் ஒரே பெயர்தான் உண்டு.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் கொண்டுபோனேன். டாக்டர் முதுகில் ஊசி குத்தி நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார். ரத்தம் கலந்து கருப்பட்டிக் காப்பி போல இருந்தது. மூச்சு லேசானது, சில நாளில் நீர் மறுபடியும் ஊறியது. கபத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, சயத்தின் கிருமி இல்லை என்றார். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் உண்டாம். அதுதான் தடித்து வளர்ந்து இறுக்குகிறது, தன்னிடம் மருந்து இல்லை என்றார். தூசியினாலா என்று மைனி கேட்டாள். தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். பின்னால் ஊசி குத்தின இடத்திலேயே ஒரு கட்டி எழும்பியது. அண்ணனோடு வேலை பார்த்த வெள்ளறடை ஊர்க்காரர் ஒருவர் வயிற்றில் நீர் கட்டி, இப்படியே உருகிப் போனவர். "அவருக்கு வயித்திலே, எனக்கு நெஞ்சிலே. தூசி ஒண்ணாக்கும்" என்பாள் மைனி. டாக்டருக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. ஆனால் சயம் அல்ல என்று அவர் சொன்னதை உங்கள் வீடுதோறும் வந்து சொன்னேன். யார் காதில் வாங்கினீர்கள்?

அந்த வருஷம் கோவில் அசன விருந்தில் மைனியின் பங்கைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினீர்கள். பாத்திரம் என்றால் திரும்பி வருமே. வந்ததை வெறுமையாய் அனுப்புகிற வழக்கம் நமக்கு இல்லை. மைனி சிரட்டையைக் கழுவி, அவித்த கிழங்கை நிறைத்து, வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கி, தானே கொண்டுவந்து பந்தியின் நடுவில் வைத்தாள். "எடுத்துத் தின்னுங்க. மோட்சத்துக்குப் போகத்தானே எல்லாரும் ஜெபிக்கிறீங்க?" என்றாள். பிறகு பந்தியில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். மைனி எழும்பவில்லை. நான் போய் ஒட்டி உட்கார்ந்து கிழங்கைத் தின்றேன். இன்றுவரை இருமவில்லை.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்னை உங்க அண்ணன் பக்கத்திலே வைக்கணும். மூலையிலே போட்டா எழும்பி வந்துருவேன்னு சொல்லு."

நான் வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தின் மூலையில், சயரோகக்காரரைப் புதைக்கிற இடத்தில், குழி வெட்டிச் சுண்ணாம்பும் கொட்டியிருந்தார்கள். நான் அண்ணன் கல்லறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன காரியம் என்றார் கோவில் கமிட்டிக்காரர் ஒருவர். "அங்கே வைக்கணும்னா என்னையும் சேர்த்து வையுங்க" என்றேன். பெட்டி நடுவழியில் இருந்தது. வெயில் சாய்ந்தது. கடைசியில் உபதேசியார் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கினார். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன். மைனி இப்போது அண்ணன் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

பாயையும் துணியையும் எரிக்கச் சொன்னீர்கள். பாயை எரித்தேன், அது பழசு. அவளுடைய கவணியை எரிக்கவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இதை வாசிக்கிறேன். அவளிடமிருந்து எனக்கு வந்தவை இந்தத் துணியும், எழும்பச் சொன்னால் எழும்பாத பிடிவாதமும். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் போய் உட்காருவேன். என் பக்கத்தில் இடம் உண்டு.