வனிதா தின்ற மாம்பழங்கள்

போன வாரம் என் மகளைத் தர்மபுரியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், கன்னமெல்லாம் பரு. படுக்கப் போகுமுன் பூசிக்கொள்ள ஒரு டியூப் எழுதிக் கொடுத்தார். "பொறுமையா இரும்மா, கொறைய ரெண்டு மூணு மாசம் ஆவும். மூஞ்சில சும்மா சும்மா கை வெக்காத." நான் முந்திக்கொண்டு, "மாம்பழம் சாப்பிடலாங்களா?" என்று கேட்டேன். "பருவுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? சாப்பிடட்டும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், பெற்ற மகள் மேலேயே வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அரூர் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் செந்தூரா மாமரங்கள் இருந்தன. என் பருக்களுக்கெல்லாம் அந்த மரங்கள்தான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. "சூட்டு ஒடம்புடி உனுக்கு. மாம்பழத்தத் தொட்டின்னா கைய ஒடிச்சிருவேன்." பள்ளிக்கூடம் முடிக்கிறவரை எனக்கு ஒரு துண்டு கிடையாது. வீடு முழுக்கப் பழ வாசனை மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

அதே வீட்டில்தான் தங்கை வனிதாவும் இருந்தாள். ஒரே சோறு, ஒரே சோப்பு. அவள் முகம் மட்டும் உரித்த முட்டை. சாறு முழங்கை வரை வழிய, என் எதிரிலேயே உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்று சப்புவாள். வருகிற சொந்தக்காரர்கள் அவள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிவிட்டு, "பெரியவளுக்கு என்ன மூஞ்சி இப்பிடி ஆயிருச்சி?" என்பார்கள். அவளுக்கும் ஒரே ஒரு பரு, அதுவும் மூக்கு நுனியில், வர வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அம்மன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மருந்து என்று எனக்குக் கிடைத்தது சாதிக்காய். காட்டு வேலை முடிந்து வந்ததும் அம்மா அதைக் கல்லில் இழைத்து, என் தலையை மடியில் சாய்த்து, ஒவ்வொரு பருவாகத் தொட்டு வைப்பாள். காய்த்துப்போன விரல்; சொரசொரவென்று இருக்கும். "ஆடாதடி, கண்ணுல பட்ரும்." "வுடும்மா, எரியுது" என்று திமிறுவேன். வனிதா மாங்கொட்டையைச் சப்பியபடி வேடிக்கை பார்ப்பாள். அவளை அப்படியே அறைய வேண்டும்போல இருக்கும்.

டாக்டரிடம் போய் வந்த அன்று சாயங்காலம், பெங்களூரில் இருக்கும் வனிதாவுக்குப் போன் போட்டு ஆத்திரத்தையெல்லாம் கொட்டினேன். "அத்தன வருசம் சும்மாவே என்னக் காயப் போட்டுட்டாங்கடி. நீ மட்டும் மகராசியாட்டம் தின்ன!"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எதுக்குத் தின்னேன்னு நெனக்கிற?" என்றாள். "மாம்பழம் தின்னா பரு வரும்னு அம்மாதானக்கா சொன்னாங்க. எனுக்கும் வந்தா, என்னையும் அப்பிடி மடில போட்டுத் தடவுவாங்கன்னு பாத்தேன். திங்கத் திங்க ஒன்னும் வரல. என்ன என்னிக்கி அப்பிடித் தொட்டாங்க, சொல்லு?"

அம்மா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அந்தக் கல் எங்கே போனதென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் டியூபை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். "வா, மடியில படு. பூசி வுடறேன்."

"அய்ய, குடும்மா. கை வெக்கக் கூடாதுன்னாங்க இல்ல?"

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மூடியில் ஒட்டியிருந்த மருந்து என் விரலில் கொஞ்சம் பட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.