நடுவில் வரைந்த சதுரம்

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பாஸ்கற்போல் திடலில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிளாஸ்ரிக் நாற்காலிதான். ஆனாலும் முன்வரிசை! பத்தி எழுதுகிறவன், சித்திர வாத்தியார் — இரண்டில் எதற்காக அந்த மரியாதை என்று நான் விசாரிக்கவில்லை. கிடைக்கிற மரியாதையை விசாரிக்கப் போனால் எழும்பச் சொல்லிவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து தெரிவாளர்கள் வந்திருந்தார்கள். யுத்தம் முடிந்து, பாதை திறந்து, இப்போதுதான் இப்படி ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்டத்துப் பிள்ளைகளில் ஒரே ஒருத்தியைத் தெரிவு செய்வார்கள். கொழும்பில் நல்ல பாடசாலை, விடுதி, படிப்பு, சாப்பாடு எல்லாம் அவளுக்கு இலவசம். சனி, ஞாயிறு இரண்டு நாள் ட்ரையல்.

அந்த ஒருத்தி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யசோ! பனிச்சங்கேணிப் பிள்ளை, பதினாறு வயது. தகப்பன் வாவியில் இறால் பிடிக்கிறவர். ஊரில் அவள் எறிந்தால் பத்துக்கு ஒன்பது கூடைக்குள் விழும். நானே பக்கத்தில் நின்று எண்ணியிருக்கிறேன். போதாக்குறைக்கு, அவள் எறிந்து பழகிய போர்ட் — வளையத்துக்குப் பின்னால் நிற்குமே அந்தப் பலகை — அடியேன் வரைந்தது. பெருமை வராதா?

முதல் பந்து போர்டில் பட்டது. வளையத்தின் விளிம்பில் குதித்தது. வெளியே போனது.

சரி, பதற்றம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது… பத்தில் ஒன்று விழுந்தது. அதுவும் தவறி விழுந்தது போல இருந்தது.

நான் போர்டைப் பார்த்தேன். முன்வரிசை நாற்காலி சரியாக அதற்கு நேர் எதிரே கிடந்தது. அந்த வெள்ளைப் பலகையில், எறிகிறவர்கள் குறிபார்க்கிற கறுப்புச் சதுரம் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது? வளையத்தோடு ஒட்டிக்கொண்டு… யார் இந்த ரசனையில்லாத ஆள்?

பிறகுதான் திடலின் மறுபக்கத்துப் போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அதிலும் கீழேதான். அப்படியென்றால்… ஊரில் நான் வரைந்தது?

கதையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

சுனாமி வந்து சில மாதம். பனிச்சங்கேணி முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பிலோமினா சிஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். பிள்ளைகள் கடல் பக்கம் போகப் பயந்து கூடாரத்துக்குள்ளேயே கிடக்கிறார்கள், ஓடி விளையாட ஏதாவது வேண்டும் என்றார். உடைந்த படகுகளைத் திருத்த வந்த ப்ளைவூட்டில் ஒரு துண்டு மிச்சம். நீலப் பெயின்ட் அரை வாளி மிச்சம். பாஸ்கற்போலும் தெரிந்த, ப்ரஷும் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

என்னை விட்டால் யார்? மட்டக்களப்பு டவுனில் பிறந்தவனுக்குப் பாஸ்கற்போல் பைத்தியம் இல்லாவிட்டால், வைத்தியரிடம் காட்டச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூட அணியிலேயே நான்கு வருடம் இருந்தவன். பெஞ்சில். ஒரு நாளும் இறக்கவில்லை. பெஞ்சிலிருந்து பார்த்தால் போர்டின் ஓரம்தான் தெரியும், சதுரம் தெரியாது. இதை நான் சிஸ்டரிடம் சொல்லவில்லை. அப்போது எனக்கே அது தோன்றவில்லை.

பலகையை வேப்பமரத்தடியில் கிடத்தி நீலம் பூசினேன். வளையம் இன்னும் வந்து சேரவில்லை. காய்ந்ததும் வெள்ளையில் சதுரம். எங்கே போடுவது? கீழே ஒட்டிப் போட்டால் படம் பாரமாகத் தெரியும், சுற்றிவர மூச்சு விட இடம் வேண்டும் என்று வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிறவன் அல்லவா! அளந்து, நட்டநடுவில் போட்டேன். கோடு என்றால் கோடு… நூல் பிடித்த மாதிரி.

பலகையைத் தூக்கி நிறுத்தி வளையத்தைப் பூட்டியபோது சிஸ்டர் தலையைச் சரித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், கொஞ்சம் உயரமா இரிக்கா?"

"அது நீங்க நிக்கிற கோணம் சிஸ்டர்" என்றேன்.

கலைஞனிடம் அதற்கு மேல் யார் பேசுவது?

பிறகு யுத்தம் அந்தப் பக்கம் வந்தது. ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை, போர்ட் மட்டும் நின்றது. யசோ, வீட்டுக்குத் தறப்பாள் கட்டுவதற்கு முன்பே பந்தைத் தேடினாளாம். வெளியூர் அணி எதுவும் அங்கே வரவில்லை, அவளும் எங்கேயும் போகவில்லை. செக்பொயின்ற் தாண்டி யார் பாஸ்கற்போல் விளையாட வருவார்கள்? ஐந்து வருடம் அவள் பார்த்த ஒரே சதுரம் என் சதுரம். அதன் மேல் மூலைக்குக் கீழே எவ்வளவு தள்ளி அடித்தால் பந்து விழும் என்று அவள் கை தானாகவே கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கையை நம்பித்தான் டவுனுக்கு வந்திருந்தாள்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைய ட்ரையல் முடிந்து, மத்தியானம் மதிலோரம் யசோவும் அவளைக் கூட்டிவந்த சிஸ்டரும் நின்றார்கள். யசோவின் கையில் பை.

"நாலு மணி பஸ்ஸில போறன் சேர். நாளைக்கு வரமாட்டன்."

நான் என்ன செய்தேன்? பொய் சொன்னேன். "பந்து புதுசு புள்ள. காத்தும் அடிச்சது."

"காத்தா?" என்றார் சிஸ்டர். "மரத்தில ஒரு இலை ஆடல்ல, மாஸ்டர்."

யசோ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க என்னைத் தேத்தத் தேவல்ல சேர். ஊர்ல சின்னப் புள்ளையளோட விளையாடி வெண்டதுதானே. இஞ்ச வந்தாத்தான் தெரியிது, எனக்கு ஒண்டும் வராது எண்டு. இனிப் பந்து தொடமாட்டன்."

வாசகர்களே, வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். அவள் பஸ் ஏறியிருப்பாள். ஊரில் கேட்டால், ஆசைப்பட்டாள், முடியவில்லை என்றிருப்பார்கள். அந்த ஒரு நிமிடம் அதைத்தான் நான் யோசித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"பிழை உன்ட கையில இல்ல யசோ" என்றேன். "ஊர் போர்ட்ல சதுரம் இரிக்க வேண்டியதவிட ஆறு அங்குலம் உயரத்தில இரிக்கு. நான்தான் அப்பிடி வரைஞ்சன்."

"ஏன்?"

ஒரே ஒரு சொல். எத்தனையோ கலைக் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். இவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"நடுவில இரிந்தா… வடிவா இரிக்கும் எண்டு…"

சிஸ்டர் வானத்தைப் பார்த்தார். எனக்காக மன்றாடினாரோ, எனக்கு எதிராக முறையிட்டாரோ.

"அஞ்சு வருஷம் சேர்!" என்றாள் யசோ. "ஒவ்வொரு நாளும் அதப் பாத்துத்தான் எறிஞ்சன். நீங்களும் பக்கத்தில நிண்டு எண்ணினீங்க!"

அவள் பையைக் கீழே போட்டாள். திடலுக்குள் போய் வளையத்துக்குக் கீழே நின்று அந்தச் சதுரத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு எறியத் தொடங்கினாள். நான் ஓடி ஓடிப் பந்து பொறுக்கிக் கொடுத்தேன். பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்த கால்களுக்கு அன்றுதான் வேலை. நாலு மணி பஸ் போனது. காவலாளி கேற்றைப் பூட்ட வரும்வரை எறிந்தாள்.

ஞாயிறு பத்துக்கு ஐந்து விழுந்தது.

ஐந்து போதவில்லை. இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளை நன்றாகத்தான் விளையாடினாள், குறை சொல்ல மாட்டேன். தெரிவாளர்களில் ஒரு அம்மா யசோவைக் கூப்பிட்டு, ஒரே நாளில் இப்படித் திருந்திய பிள்ளையைத் தான் பார்த்ததில்லை, அடுத்த வருடம் கட்டாயம் வர வேண்டும் என்றார். யசோ தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பிள்ளையின் ஒரு வருடம் என்னால் போனது. எப்படி எழுதினாலும் அது அதுதான்.

கலையில் தவறே கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கலையைக் குறிபார்த்து யாரும் பந்து எறியாதவரை அது உண்மைதான்!

நேற்று முன்தினம் பனிச்சங்கேணிக்குப் போனேன். புது ப்ரஷ், பெயின்ட், அளவு டேப், இந்தமுறை பாஸ்கற்போல் விதிப் புத்தகத்தின் போட்டோ கொப்பியும். யசோ கொப்பியை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ப்ரஷையும் வாங்கிக்கொண்டாள்.

"நான் வரையிறன் சேர். அடுத்த வருஷம் எறியப் போறது நான்தானே."

எனக்குக் கிடைத்த உத்தியோகம் ஏணி பிடிப்பது. அவள் ஏறி, வளையத்திலிருந்து அளந்து, என் சதுரத்தை நீலத்தால் அழித்து, கீழே புதிதாக ஒன்று வரைந்தாள். இடம் அச்சொட்டாகச் சரி. ஆனால் கோடு… ஐயோ! ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு, வலது மூலை சரிந்து கிடந்தது. என் கை துருதுருத்தது. வாய் என்னை மீறித் திறந்தது.

மேலே நின்றபடி குனிந்து பார்த்தாள். "என்ன சேர்?"

"ஒண்டுமில்ல புள்ள. ஏணிய இறுக்கிப் பிடிக்கிறன்."

இத்தனை வருடக் கலை வாழ்க்கையில், நான் பிழையில்லாமல் செய்த வேலை அதுதான்.