சுடுகாட்டு மல்லிக்கு ஊற்றிய தண்ணீர்

எந்த ஊரிலும் ஓர் அறுவடைக்கு மேல் நான் தங்குவதில்லை. கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறேன்; அது போகிற பக்கமெல்லாம் போவேன். வரப்போரம் ஊதா நிறச் சுடுகாட்டு மல்லியைக் கண்டால் மட்டும் வண்டியைச் சற்று ஒதுக்கி ஓட்டுவேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வாரம் ஒருமுறை அம்மா என்னை பஸ்ஸில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போவாள். ஆஸ்பத்திரியில் கை நரம்பு வழியே தண்ணீர் போன்ற ஒரு மருந்தை ஏற்றுவார்கள். திரும்பும்போது ஜன்னலோரம் வயல்கள் மிதந்து போகும். முடி கொட்டியது. கால் விரல்கள் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது.

ஒருநாள் ஊசி போடும்போது நர்ஸ் அக்கா என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இது பூச்செடியிலேர்ந்து எடுத்த மருந்துடா தம்பி. கெட்ட செல்லை வளர விடாது. நித்யகல்யாணி பாத்திருக்கியா?"

"சுடுகாட்டுல பூத்துக் கெடக்குமே, அதா?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பூவை யாரும் வாசற்படி ஏற்ற மாட்டார்கள்.

"அதேதாம்மா. பறிச்சுக் கஷாயம் கிஷாயம் வச்சுடாதீங்க. விஷம்."

அம்மா பறிக்கவில்லை. அது கோடை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கரையோரச் சுடுகாட்டில் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. அவை காய்ந்தால் தஞ்சாவூரில் மருந்தும் தீர்ந்துவிடும் என்று அம்மா எப்படியோ முடிவு கட்டிவிட்டாள். பெண்கள் கால் வைக்காத அந்த இடத்துக்குச் சாயங்காலங்களில் பம்புசெட்டிலிருந்து குடத்தோடு போனாள். நான் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். சாம்பல் மேடுகளுக்கு நடுவே அம்மா குனிவாள், நிமிர்வாள். வெயில் சாயச் சாய, பூ எது புடவை எது என்று தெரியாது.

அப்பா கத்தினார். "ஏன்டி, டீக்கடையில சிரிக்கிறானுங்க. பொணத்துக்குத் தோட்டம் போடுறாளான்னு கேக்குறானுங்க. இங்க ஊத்துற தண்ணி ஆஸ்பத்திரி பாட்டில்லயா போயி நெறையும்?"

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க இவனத் தூக்கிக்கிட்டு அங்க போகக் கூடாதுங்க. அதுக்குத்தான் நான் தண்ணியத் தூக்கிக்கிட்டுப் போறேன்."

அப்பா குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எனக்கு அம்மா மேல்தான் கோபம். மரத்த காலானாலும் நான் நடந்துகொண்டுதானே இருந்தேன்? இதோ இருக்கிற இடத்துக்கு அப்பா ஏன் என்னைத் தூக்க வேண்டும்?