நீலப்பூச் செடிக்கு மருந்து

அத்தை மருந்து குடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு எட்டு வயது. இதில் இப்படி அழுது புரள என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. காய்ச்சல் வந்தால் நானும்தான் குடிக்கிறேன், எனக்காக யார் அழுதார்கள்? ஆட்டையாம்பட்டியில் வாக்கப்பட்டிருந்த அத்தை, சேலத்தில் ஆஸ்பத்திரியில் பத்துப் பதினைந்து நாள் கிடந்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் நடந்துதான் வந்தாள். மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, மரவள்ளிக் காட்டை ஒட்டி இருக்கிறது. அவள் வந்த பிறகு வீட்டில் எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். பூச்சி மருந்து வைத்திருந்த மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி அம்மாவின் இடுப்பில் ஏறியது. ஊரில் திருட்டு பயம் அதிகமாகிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் வேலியாக இருபது டுராண்டா செடிகள் நின்றன. அயோத்தியாப்பட்டணம் பக்கத்து நர்சரியில் அப்பா வாங்கி வந்தவை. பெயர் யார் வாயிலும் நுழையாததால் நீலப்பூச் செடி என்போம். இரண்டு வருஷமாக ஒரு நீலப்பூவைக்கூட அது காட்டியதில்லை. அப்பா ஞாயிறுதோறும் பெரிய கத்தரியை எடுத்து அதற்கு கிராப்பு வெட்டிவிடுவார். அம்மா தன் பங்குக்குக் கோழிப்பண்ணை எருவைக் கூடை கூடையாகக் கொட்டுவாள். எங்கள் பக்கம் எந்தச் செடி சுணங்கினாலும் அதுதான் வைத்தியம்.

வந்த புதிதில் அத்தை எதுவும் பேசாமல் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியோடு போன அப்பாவிடம், "நுனிய வெட்டாதீங்கண்ணா. நுனியிலதான் பூக்கும்" என்றாள். அவளாக வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது. யார் சொல்லையும் கேட்காத அப்பா, கத்தரியைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டு வந்தார்.

பிறகு எல்லாம் அத்தையின் ராஜ்ஜியம்தான். கோழி எருவின் சூட்டுக்கு இலைதான் கொழுக்கும், பூ வராது என்று அதை நிறுத்தினாள். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. போர்த் தண்ணீரின் உப்பும், அடியில் தேங்கும் ஈரமும்தான் காரணம் என்றாள். மண்ணைக் கொத்தி, மக்கிய மாட்டெரு போட்டு, தண்ணீர் வடிய வழி செய்து, மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் பாய்ச்சினாள். இலை தெளிந்தது. நுனிகளில் பொடிப்பொடியாக மொட்டு வந்தது. காலையில் எழுந்ததும் அத்தை மொட்டு பார்க்க ஓடினாள், அவள் பின்னாலேயே நானும் ஓடினேன். அம்மா சமையலறை ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

மொட்டு விரியும் முன்பே வெள்ளை ஈ வந்துவிட்டது. கிளையை அசைத்தால் புகை மாதிரி கிளம்பும். இலையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்தது, மொட்டுகள் உதிர ஆரம்பித்தன. அன்று சாப்பிடும்போது அத்தை சொன்னாள்: "கொஞ்சம் மருந்து வேணுங்கண்ணா."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பார்க்கலாம் சாமி என்று மட்டும் சொன்னார். பார்க்கவே இல்லை. அத்தை மறுபடி கேட்கவும் இல்லை. ஆனால் காலைச் சாப்பாட்டை விட்டாள், மொட்டு பார்க்கப் போவதையும் விட்டாள். எனக்கு அப்பா அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மரவள்ளிக்கு டேங்க் டேங்காக அடிக்கிறார்கள், அத்தையின் செடிக்கு ஒரு மூடி மருந்து கொடுக்க மனசு வரவில்லை என்று கறுவினேன்.

அந்த வாரத்தில் திருச்செங்கோட்டில் ஒரு நெருங்கிய உறவில் சீர். தட்ட முடியாது. அத்தை வரவில்லை என்றுவிட்டாள். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் போனைக் கையில் கொடுத்து, "அத்தைய உட்டு அக்கட்டால போயிறாதே சாமி" என்றாள். என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அத்தையை விட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டுச்சேலை மாற்றும் அவசரத்தில் அம்மா சாவியைக் கட்டில்மேல் மறந்திருந்தாள்.

அத்தை செடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போய், பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் பாட்டிலைத் தூக்கி வந்தேன்.

"அத்தை, இந்தாங்க மருந்து. உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் கை நீட்டவில்லை. பிறகு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அம்மா வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். சாயங்காலம் ஆகும் என்றேன். அவள் கை மூடியின் மேலேயே இருந்தது. அப்போது போன் அடித்தது. அத்தை என்ன செய்கிறாள் என்று அம்மா கேட்டாள். சாவி எடுத்தது தெரிந்துவிடுமே என்ற பயத்தில், சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தை அசையவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பிரேயரையும் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"இது என்ன பண்ணும்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றாள்.

"செடி பொழைச்சுக்கும். நீங்க குடிச்சுப் பொழைச்சீங்கல்ல?"

அத்தை என் முகத்தையே பார்த்தாள். அப்படி ஒரு அழுகையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை, பயந்துபோனேன். அழுது முடித்ததும் எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டிலை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினாள். என் கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பை வாளியில் கரைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கத்தைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தாள். வெள்ளை ஈ அடியில்தான் குடியிருக்குமாம். அப்புறம் பத்து நாள் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீருமாகப் பாடுபட்டதில் ஈ அடங்கி, மிச்சமிருந்த மொட்டுகள் ஊதா நீலத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்தன. அது பிறகு நடந்தது.

அன்று சாயங்காலம் அம்மா உள்ளே நுழையும்போதே இடுப்பைத் தடவிக்கொண்டு பதறி வந்தாள். அத்தை சாவியை நீட்டினாள். நடந்ததை நானே பெருமையாகச் சொன்னேன். பளாரென்று ஒரு அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையாலேயே அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அப்பா நிலைப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மா கையிலிருந்த சாவியை வாங்கி அத்தையிடம் நீட்டினார். இனி உன்னிடமே இருக்கட்டும் சாமி என்றார்.

அத்தை வாங்கவில்லை.

"வேண்டாங்கண்ணா. இன்னும் கொஞ்ச நாளைக்கு அண்ணிகிட்டயே இருக்கட்டும்."

கேட்டபோது கொடுக்கவில்லை, கொடுக்கும்போது வேண்டாம் என்கிறாள். நடுவில் அறை வாங்கியது நான் ஒருத்திதான். தங்களுக்கு என்ன வேண்டும் என்பதே இந்தப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவியபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.