அடிப்பக்கத்துக் கெப்பாசிட்டர்கள்

கீபோர்டை மேசையில் ஓங்கி அடித்து உடைத்தவன் நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். சர்க்யூட் போர்டில் எந்தப் பாகம் எங்கே, எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்ற விவரத்தை, சர்க்யூட் வரையும் மென்பொருளிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதி உருவுவது என் வேலை. அந்த ஸ்கிரிப்ட் மொழி ஒரு சனியன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும். ஆளைக் கொல்லுகிற தப்பு என்றால் வாயே திறக்காது.

லைன் சூப்பர்வைசர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை வந்து மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டார். போர்டின் அடிப்பக்கத்துப் பாகங்களின் கோணத்தைப் பழையது மேலிருந்து பார்த்துச் சொல்லும். புதியது கீழிருந்து பார்த்துச் சொல்கிறது. என் ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? மறுநாள் காலை சமர்த்தாக ஓடி முடித்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழைய கோப்போடு ஒப்பிட்டேன். அடிப்பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் தலைகீழ். பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ். கரண்ட் கொடுத்தால் வெடிக்கும். "இதை லைனுக்கு அனுப்பாதீங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தேன். கீபோர்டு போனது அப்போதுதான்.

மதியம் டீ குடிக்கக் கீழே இறங்கினால், மெஷினிலிருந்து போர்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவசரமாம். பொதுக் கோப்புறையில் கிடந்த அதே கோப்பை எடுத்து ஓட்டிவிட்டார் சூப்பர்வைசர். போர்டைச் சரிபார்க்கும் வரைபடமும் அதே ஸ்கிரிப்ட் பெற்றுப்போட்டதுதான். பொய்யும் பொய்யும் கச்சிதமாகப் பொருந்தி எல்லாம் பாஸ். டெஸ்டிங் மேசையில், கொரட்டூரிலிருந்து வேலைக்கு வரும் பெண் போர்டின் அடிப்பக்கத்தை மேலே திருப்பி வைத்து, மீட்டரும் கையுமாக அதன்மேல் குனிந்திருந்தாள். மறு கை ஸ்விட்சுக்குப் போனது.

"தொடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாடா, லைன்ல வந்து ரவுடித்தனம் பண்ணிகினு கீறே?"

நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அலமாரியில் மோதி, தட்டுகளோடு சரிந்தார். அவள் தோளைப் பற்றி இழுத்தேன். நாற்காலியோடு விழ இருந்தவள் வீறிட்டாள். எழுந்து வந்த சூப்பர்வைசர் விட்ட அறையில் என் உதடு கிழிந்தது. நானும் விட்டேன், மூக்கிலேயே. நாலைந்து பேர் பாய்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப இன்னா வெட்ச்சிடுச்சு? பாருடா!" என்று மூக்கைத் துடைத்தபடி, எட்ட நின்று கையை மட்டும் நீட்டி ஸ்விட்சைப் போட்டார்.

டமார் என்றது. கெப்பாசிட்டரின் அலுமினிய மூடி, அவள் குனிந்திருந்த இடத்தின் வழியாக மேலே பறந்து ட்யூப் லைட்டை உடைத்தது. கண்ணாடித் துண்டுகள் காலி நாற்காலியில் கொட்டின. ஒரு கெட்ட நெடி.

சூப்பர்வைசர் சட்டையை உதறினார். "ஒண்ணுதானே பூட்ச்சு. அத்த ஓரமா வச்சிட்டு அடுத்த போர்டைப் போடும்மா. சாயந்தரம் வண்டி வந்துடும்."

கொலைவெறி வந்தது எனக்கு. திமிறினேன், பிடித்தவர்கள் விடவில்லை.

அவள் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணாடி கிடந்த அந்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் முன்னால் போட்டாள். அடுத்த போர்டை மேசையில் வைத்தாள். ஸ்விட்சில் விரலை வைத்தாள்.

"நீ குந்து சார். நான் போடுறேன்."

அவர் உட்காரவில்லை.